‘மறைத்துவிட்டார்கள்’ என்று சொல்வதற்கு முன்: சுங்கை சிப்புட்டில் ஒரு நாவல் வாசிப்பு

பல சமயத்தார் சேர்ந்து உட்காரும் வாசகர் வட்டத்தில், சமய நம்பிக்கையைச் சீண்டும் நாவலை எடுக்கலாமா? எங்கள் வட்டாரத்தில் வாசகர் வட்டம் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. எடுக்கலாம் என்பதே என் பதில். டான் பிரவுனின் ‘தி டாவின்சி கோட்’ நாவலை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் கூடிப் பேசிய அனுபவத்தை வைத்தே இதைச் சொல்கிறேன்.

இயேசு மகதலேனா மரியாளை மணந்தார், அவர்களுக்கு வாரிசு உண்டு, திருச்சபை அதை மறைத்துவிட்டது என்பதே அந்த நாவலின் கதை. நாவல் 2003இல் வெளிவந்தது. 2006இல் படமானது. அந்தப் படத்துக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்ததும், சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியதும் பலருக்கு நினைவிருக்கலாம். இவ்வளவு பழைய நாவலை இப்போது எதற்காக எடுத்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நாவல் பழையதாகிவிட்டது, அது கிளப்பிய வாதங்கள் பழையதாகவில்லை. புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் நாள்தோறும் வந்து விழும் ‘உங்களிடம் மறைக்கப்பட்ட உண்மை’ வகைச் செய்திகள் எல்லாம் இந்த நாவல் போட்ட தடத்திலேயே நடக்கின்றன.

எங்கள் வட்டத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு, லயத்து வீடுகளை விட்டு ஊருக்குள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் குடியேறியவர்கள். ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள், தாதிமைப் பயிற்சியில் இருக்கும் ஒரு தங்கை, சட்டம் படிக்கும் ஒரு தம்பி, முப்பது நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த ஒரு பாட்டி. இந்துக்கள் அதிகம். கத்தோலிக்கர் சிலரும், மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பமும் உண்டு. ஆகவே இடத்தில் கவனமாக இருந்தோம். கோயில் மண்டபம் இலவசமாகக் கிடைத்தது, வேண்டாம் என்றோம். தேவாலயக் கூடமும் வேண்டாம். டியூஷன் மையம் ஒன்றின் மாடி அறையை ஞாயிறு மாலைகளில் வாடகைக்கு எடுத்தோம். யாருடைய வீட்டிலும் விருந்தாளியாக இல்லாதபோதுதான் மனிதர்கள் மனத்தில் உள்ளதைப் பேசுகிறார்கள்.

நாவலை ஆங்கிலத்தில் படிக்க முடிந்தவர்கள் பாதிப் பேர். மற்றவர்களுக்காக ஓர் ஆசிரியை அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் கதை சொன்னார். கதை சொல்பவரின் கருத்து கதைக்குள் கலந்துவிடக் கூடாது என்பதற்காக, நூலைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு இன்னொருவர் பக்கத்தில் அமர்ந்தார். ‘இது நூலில் இல்லை, டீச்சர்’ என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. இந்த ஏற்பாட்டை எல்லா வட்டங்களுக்கும் பரிந்துரைப்பேன். ஆங்கிலம் தெரியாதவர்கள் ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகும் நிலை மாறியது. எங்கள் கூட்டங்களில் மிகக் கூர்மையான கேள்விகள் அவர்களிடமிருந்தே வந்தன.

நாவலுக்கு 105 அத்தியாயங்கள். பல அத்தியாயங்கள் மூன்று நான்கு பக்கங்களில் முடிந்துவிடும். ஒவ்வொன்றும் ஒரு முடிச்சில் நிற்கும். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஒரு கொலை, ஒரே இரவில் தொடங்கும் ஓட்டம், ஓடிக்கொண்டே வரலாற்று விளக்கம். தாதிமைப் பயிற்சித் தங்கை இரவுப் பணி முடிந்து வந்து தூங்காமல் படித்ததாகச் சொன்னார். அதில் எனக்கு வியப்பில்லை. இந்த வேகம் நாவலின் பலம், அதை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் துரத்தலுக்கு நடுவே ஒரு பேராசிரியர் வரலாறு சொல்லும்போது, அது சரியா என்று நின்று பார்க்க வாசகருக்கு நேரம் கிடைப்பதில்லை. அடுத்த பக்கத்தில் போலீஸ் வந்துவிடுகிறது.

அதனால் நாங்கள் கதைக்குள் போகுமுன் நாவலின் தொடக்கத்தில் உள்ள ஒற்றைப் பக்கத்தைச் சத்தமாகத் தமிழில் படித்தோம். ‘உண்மை’ என்ற தலைப்பிட்ட பக்கம் அது. ‘பிரியரி ஆஃப் சியோன்’ என்ற ரகசியச் சங்கம் 1099இல் தோன்றிய உண்மையான அமைப்பு என்கிறது. லியோனார்டோ டா வின்சி, நியூட்டன், விக்டர் ஹியூகோ ஆகியோர் அதன் உறுப்பினர்கள் என்று காட்டும் ஆவணங்கள் 1975இல் பாரிஸ் தேசிய நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன என்கிறது. நாவலில் வரும் ஓவியம், கட்டடம், ஆவணம், சடங்கு பற்றிய விவரிப்புகள் எல்லாம் துல்லியமானவை என்றும் சொல்கிறது.

சட்டம் படிக்கும் தம்பி அடுத்த கூட்டத்துக்குள் தேடிவிட்டு வந்தார். அந்தச் சங்கம் பியர் பிளான்தார் என்பவரால் 1956இல் பிரான்ஸின் அன்மாஸ் என்ற சிறு நகரத்தில் தொடங்கப்பட்டது. அந்த ‘ரகசிய ஆவணங்கள்’ 1960களில் பிளான்தாரும் அவருடைய கூட்டாளிகளும் தாங்களே தயாரித்து நூலகத்தில் சேர்த்தவை. அந்தச் சங்கம் தொடக்கத்தில் வெளியிட்ட சிறு இதழ் எதைப் பற்றியது தெரியுமா? மலிவு விலைக் குடியிருப்புகளில் வாழ்வோரின் உரிமைகள். இதைக் கேட்டதும் அறையில் ஒரு சலசலப்பு. தோட்டம் விற்கப்பட்டபோது வீட்டுக்காக மனுப்போட்டு அலைந்தவர்கள் எங்கள் வட்டத்தில் இருக்கிறார்கள். ஒன்பது நூற்றாண்டுப் பெருமையைப் பூசாமலே மதிக்கத் தகுந்த வேலை அது என்று அவர்களில் ஒருவர் சொன்னார். நானும் அப்படியே நினைக்கிறேன்.

இதிலிருந்து வட்டத்துக்கு ஒரு நடைமுறை பிறந்தது. பேசுகிறவர் முதலில் தாம் எந்தத் தளத்தில் நின்று பேசுகிறார் என்று சொல்ல வேண்டும்: நாவலில் வருவதா, ஏட்டில் இருப்பதா, தம் நம்பிக்கையா. மூன்றுக்கும் இடமுண்டு. கலந்து பேச மட்டும் அனுமதியில்லை. முதலில் சிலருக்கு இது பள்ளிக்கூடக் கட்டுப்பாடு போலப் பட்டது. இரண்டு கூட்டங்களில் பழகிவிட்டது. கி.பி. 325இல் நைசியாவில் கூடிய ஆயர்கள் நெருக்கமான வாக்கெடுப்பில் இயேசுவைக் கடவுளாக்கினார்கள் என்று நாவலில் ஒருவர் சொல்கிறார். இதை நாவல் தளத்தில் வைத்துவிட்டு ஏட்டுத் தளத்துக்கு வந்தால், கூடிய சுமார் 300 பேரில் இறுதிவரை ஒப்ப மறுத்த ஆயர்கள் இருவர்தான் என்பது தெரிகிறது. புதிய ஏற்பாட்டில் எந்த நூல்கள் சேர வேண்டும் என்பது அங்கே பேசப்பட்ட பொருளே அல்ல. இன்றுள்ள 27 நூல்களின் பட்டியல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. நம்பிக்கைத் தளத்தில் இருப்பவரை இந்த எண்கள் எதுவும் தொடப்போவதில்லை, தொடவும் வேண்டியதில்லை.

ஓவியத்தைப் பற்றிய கூட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. மிலான் நகரத்து மடம் ஒன்றின் உணவறைச் சுவரில் லியோனார்டோ 1490களில் வரைந்த ‘இறுதி இராவுணவு’. இயேசுவின் வலப்பக்கம் இருப்பவர் யோவான் அல்லர், மகதலேனா மரியாள் என்பது நாவலின் பெரிய வெடிகுண்டு. படத்தைப் பெரிதாக அச்செடுத்து மேசையில் விரித்தோம். என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லித் தராமல், பார்த்ததைச் சொல்லச் சொன்னோம். நாவலைப் படித்துவிட்டவர்கள் உடனே பெண்ணைக் கண்டார்கள். கதையில் அந்த இடத்துக்கு இன்னும் வராதவர்கள் ரொட்டியையும் மீனையும் கைகளின் பதற்றத்தையும் கண்டார்கள். இந்த வேறுபாட்டையே ஒரு மணி நேரம் பேசலாம்.

கத்தோலிக்க அக்கா ஒருவர் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருந்த படத்தையே கழற்றிக் கொண்டுவந்திருந்தார். தோட்டத்து வீட்டிலிருந்து தாமானுக்கு வந்தபோது அவருடைய தாயார் துணியில் சுற்றி எடுத்து வந்த படம் அது. வேறு யாரோ வரைந்தது. அதிலும் யோவான் மீசை தாடி இல்லாத இளைஞன். ‘நான் பார்த்த எல்லாப் படத்திலும் யோவான் இப்படித்தான் இருப்பார்’ என்றார். உண்மைதான். சீடர்களில் இளையவரான யோவானை மென்மையான முகத்துடன் வரைவது இத்தாலிய ஓவியர்களிடையே நிலைத்த வழக்கம். லியோனார்டோவுக்கு முன்பே இருந்தது.

அப்போது பாட்டி கேட்டார்: ‘சரி, அது மரியாள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் யோவான் எங்கே போனார்? பன்னிரண்டில் ஒரு ஆள் குறைகிறதே!’ தோட்டத்தில் காலையில் வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆள் எண்ணியவர்களைப் பார்த்தே வாழ்ந்தவர் அல்லவா, முதலில் தலைகளை எண்ணிவிட்டார். நாவலை ரசித்தவர்கள் யாரும் இதற்குப் பதில் சொல்லவில்லை. எழுத்தறிவும் வாசிப்பறிவும் ஒன்றல்ல என்று அன்று எல்லோரும் கண்டார்கள்.

மகதலேனாவைப் பற்றிப் பேசியபோது பெண்களின் குரல் ஓங்கியது. அவரைப் பாவியான பெண் என்றே பலரும் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். திருச்சபை திட்டமிட்டுக் களங்கம் கற்பித்தது என்கிறது நாவல். நற்செய்தி நூல்களில் அவர் விலைமகள் என்று ஓரிடத்திலும் இல்லை. 591ஆம் ஆண்டளவில் திருத்தந்தை முதலாம் கிரகோரி ஆற்றிய மறையுரையில் மூன்று வெவ்வேறு பெண்கள் ஒருவராக்கப்பட்டார்கள். லூக்கா நூலில் வரும் பெயரில்லாத பாவியான பெண், பெத்தானியா ஊர் மரியா, மகதலேனா. ஒரு மறையுரையில் நேர்ந்த இந்தக் கலப்பு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மேற்குலகில் ஓவியமும் பாட்டும் நாடகமுமாக நிலைத்துவிட்டது. 1969இல் கத்தோலிக்கத் திருச்சபையின் நாட்காட்டித் திருத்தம் அந்தக் கலப்பை விலக்கியது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் மகதலேனாவின் நினைவு நாளைத் திருத்தூதர்களுக்கு உரிய விழா நிலைக்கு உயர்த்தினார்.

இதைத் தேடிச் சொன்னவர் கத்தோலிக்க அக்காவே. அவர் அடுத்துச் சொன்னதுதான் எனக்கு முக்கியம்: உயிர்த்த இயேசுவை முதலில் கண்டவர் மகதலேனா என்பதை யோவான் நூலின் இருபதாம் அதிகாரம் வெளிப்படையாகச் சொல்கிறது. மறைத்துவைத்ததாகச் சொல்லப்படும் அதே திருச்சபை காப்பாற்றித் தந்த நூல் அது. ஞாயிறுதோறும் வாசிக்கிறவர்களின் கையிலேயே இருக்கிறது.

பாட்டிக்கு வேறொரு கோபம். ‘ஒருத்தி நல்லவள், துணிந்தவள், முதலில் சாட்சி சொன்னவள் என்றால் போதாதா? அவளை மனைவியாக்கி, பிள்ளை பெற வைத்தால்தான் அவளுக்கு மதிப்பு வருமா?’ நாவலைப் பற்றி நான் கேட்ட விமரிசனங்களில் இதைவிடக் கூர்மையானது வேறில்லை. பெண்மையைப் போற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் நாவல், அந்தப் பெண்ணின் பெருமையை அவளுடைய இரத்த வாரிசில் வைக்கிறது. தாதிமைத் தங்கை இதை ஏற்கவில்லை. இந்த நாவல் இல்லையென்றால் மகதலேனாவைப் பற்றி இன்று நாம் யாரும் பேசியிருக்க மாட்டோம் என்றார். அதுவும் மறுக்க முடியாதது.

இனி மனக்கசப்பு வந்த இடம். இளைஞர் ஒருவர், இந்து, உற்சாகத்தோடு, ‘பார்த்தீர்களா, அவர்கள் மதத்தின் அடிப்படையே ஆட்டம் கண்டுவிட்டது’ என்றார். அக்காவின் முகம் வாடியது. மெதடிஸ்ட் குடும்பத்துத் தம்பி எழுந்து போகத் தயாரானார். இந்த நேரத்தில் நடத்துகிறவர் வாய்மூடி இருக்கக் கூடாது. நான் அந்த இளைஞரிடம் கேட்டேன்: ‘உங்கள் குலதெய்வத்தின் கதை பொய், அந்தக் கோயிலின் பூசாரிமார் கொலை செய்து அதை மறைத்தார்கள் என்று ஒருவர் விறுவிறுப்பான நாவல் எழுதி, முதல் பக்கத்தில் உண்மை என்று அச்சடித்தால், இதே உற்சாகத்தோடு படிப்பீர்களா, தம்பி?’ அவர் நேர்மையானவர். சற்று யோசித்துவிட்டு, மாட்டேன் என்றார்.

அன்றே இன்னொன்றையும் உறுதிசெய்தோம். கிறிஸ்தவர்கள் இந்த அறையில் பிரதிவாதிகள் அல்லர். இரண்டாயிரம் ஆண்டுத் திருச்சபை வரலாற்றுக்கு அக்கா பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். விரும்பினால் பேசலாம், விரும்பாவிட்டால் எல்லோரையும் போலக் கேட்டுக்கொண்டு இருக்கலாம். ‘நீங்கள் கிறிஸ்தவர்தானே, நீங்களே சொல்லுங்கள்’ என்று யாரும் யாரையும் நோக்கித் திரும்பக் கூடாது. பல சமயத்தார் உள்ள வட்டத்தை நடத்துகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். போதகரையோ குருவானவரையோ முதல் கூட்டத்துக்கே அழைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் வந்தால் வாசகர்கள் மாணவர்களாகிவிடுவார்கள். பேசி முடித்து, கேள்விகள் திரண்ட பிறகு அழைத்தால் அவர்களுக்கும் மகிழ்ச்சி, நமக்கும் பயன்.

கிராணி ஐயாவின் கருத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். நாவலை அவர் முழுமனத்தோடு நேசித்தார். வென்றவர்களே வரலாற்றை எழுதுகிறார்கள் என்று அதில் ஒரு பாத்திரம் சொல்லும் வாக்கியத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். ‘தோட்டத்தில் பிறந்த நமக்கு இதை ஒரு அமெரிக்கர் சொல்லித் தர வேண்டுமா?’ என்று கேட்டுவிட்டு எங்கள் ஊரையே எடுத்தார். 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. மலாயா வரலாற்று நூல்களில் எங்கள் ஊரின் பெயர் வருவது பெரும்பாலும் அந்த வரியில்தான். அதே தோட்டங்களில் மரம் வெட்டியவர்களுக்கு எத்தனை வரி? பிறகு சயாம் ரயில் பாதை. ஜப்பானியர் ஆட்சியில், தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க அந்தப் பாதையைப் போடுவதற்காக, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசைகள் இல்லை. கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கையும் சொன்னார். பழைய கடாரத்தோடு சேர்த்துப் பேசப்படும் அந்த இடத்தில் சண்டி எனப்படும் ஒரு பழங்கோயில் 2013இல் நிலமேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டது. ‘மறைக்கிறார்கள் என்று நான் நம்புவதில் என்ன தவறு?’

அவருடைய வலி எனக்கும் உண்டு. என் தாத்தாவின் தம்பி சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. எந்த ஊரில் இறந்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஐயாவிடம் நான் மாறுபட்டேன், இன்றும் மாறுபடுகிறேன். நாவல் காட்டும் மறைப்பில் சிலருக்கு உண்மை தெரியும். அவர்கள் அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். சங்கேதத்தை உடைத்தால் ஓரிரவில் எல்லாம் வெளிவந்துவிடும். எங்கள் ஆட்கள் பெயரில்லாமல் போனது அப்படி நடக்கவில்லை. யாரும் எழுதி வைக்கவில்லை. கேட்க வேண்டிய காலத்தில் யாரும் கேட்கவில்லை. இதற்குப் பூட்டும் இல்லை, திறவுகோலும் இல்லை. உயிரோடு இருப்பவர்களிடம் போய் உட்கார்ந்து பெயர், தோட்டம், டிவிஷன், யாரோடு போனார், யார் திரும்பி வந்து சொன்னார் என்று எழுதிக்கொள்வது ஒன்றே வழி. ஓரிரவு ஓட்டத்துக்குப் பழகிய மனம் இந்த மெதுவான வேலையைப் பொறுக்காது என்பதே இவ்வகை நாவல்களைப் பற்றிய என் உண்மையான கவலை.

பூஜாங் விஷயத்தில் வட்டமாகவே ஒரு வேலை செய்தோம். புலனத்தில் சுற்றும் கடாரச் செய்திகளை அச்செடுத்து, நாவலுக்கு வைத்த அதே மூன்று தளங்களில் பிரித்தோம். பிறகு வேன் அமர்த்தி மெர்போக்கில் உள்ள அருங்காட்சியகத்துக்கே போனோம். மீட்டுக் கட்டிய புக்கிட் பத்து பகாட் சண்டியின் அடித்தளத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, எது கல்லாக இருக்கிறது, எது செய்தியாக மட்டும் இருக்கிறது என்பது தானே புரிந்தது. இடிப்பு நடந்தது உண்மை. அதைக் கண்டிக்க வேண்டும். அதே செய்தியில் ஒட்டிக்கொண்டு வந்த வேறு பல கூற்றுகளுக்கு எந்த ஆதாரமும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பரப்பினால், எதிரி முதலில் ஆதாரமில்லாததை உடைத்து, அதோடு நம் நியாயத்தையும் தள்ளிவிடுவான். இதைக் கிராணி ஐயாவே சொன்னார்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சிறு செய்திகள் சில. மூவருக்கு ஒரு நூல் போதும், கைமாறிப் படிக்கும்போது பேச்சும் கைமாறுகிறது. கூட்டத்தில் கைப்பேசியில் தேட வேண்டாம், கேள்வியை எழுதிக்கொண்டு வீட்டில் தேடிவிட்டு அடுத்த முறை வாருங்கள், தேதியும் இடமும் ஆளின் பெயரும் இல்லாமல் ‘ஆராய்ச்சி சொல்கிறது’ என்று வராதீர்கள். படித்து முடிக்க விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். கத்தோலிக்க அக்கா நாவலைப் பாதியில் மூடிவிட்டார், ஆனால் ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை.

ஒரு வழக்கு மட்டும் எங்களிடையே முடியவில்லை. கதை எழுதுகிறவர் அந்த ‘உண்மை’ப் பக்கத்தைப் போடலாமா? கற்பனைக்கு எல்லை இல்லை, முதல் பக்கமும் கதையே என்கிறார் கிராணி ஐயா. கதைக்கு முன்னால், கதைக்கு வெளியே, ஆசிரியர் தம் குரலில் பேசுகிற இடம் அது, அங்கே வாசகருக்கு வாக்குக் கொடுக்கிறார் என்கிறார் கதை சொன்ன ஆசிரியை. நான் ஆசிரியையின் பக்கம். சட்டத் தம்பி நடுவில் வேறொரு வழக்கைக் கொண்டுவந்து போட்டார். இதே கருத்துகளை 1982இல் வரலாற்று ஆய்வு என்று நூலாக வெளியிட்டவர்களில் இருவர், தங்கள் சரக்கை நாவல் எடுத்துக்கொண்டது என்று லண்டனில் வழக்குத் தொடுத்து, 2006 ஏப்ரலில் தோற்றார்கள். தீர்ப்பெழுதிய நீதிபதி பீட்டர் ஸ்மித், தீர்ப்பின் எழுத்துகளில் சிலவற்றைச் சாய்வாக்கி, அதற்குள்ளேயே ஒரு சங்கேதச் செய்தியை ஒளித்து வைத்திருந்தார். இதைக் கேட்டதிலிருந்து ஐயா விடவில்லை. தீர்ப்பு முழுவதையும் அச்செடுத்து அடுத்த ஞாயிறு கொண்டுவரத் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். சாய்வெழுத்துகளை அவரும் ஆசிரியையும் சேர்ந்து எண்ணப் போகிறார்கள்.